கடல் கடக்கும் ஈகை

கொடுப்பவர் தம் தர்மத்தைப் பெறப்போகும் முகத்தை ஒருநாளும் காணப்போவதில்லை. பெறுபவர் தமக்குக் கொடுத்தவரின் பெயரை ஒருநாளும் கேட்கப்போவதில்லை. இருவருக்குமிடையே பல்லாயிரம் மைல் கடலும் பாலையும் பரந்து கிடக்கின்றன. ஆயினும், குளிர் நிறைந்த ஓர் ஆங்கிலேய நகரத்தின் பள்ளிவாசல் வாயிலில் உண்டியலில் விழுந்த நாணயம், ஆப்பிரிக்கப் பெருவெயிலில் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்கிறது. இவ்வரிய காரியம் எவ்வாறு நடைபெறுகிறது? இடையில் நின்று அதனை நடத்துபவர்கள் யாவர்? அவர்கள் தோள்மீது ஏறியிருக்கும் பொறுப்பு எத்தகையது?

பிரிட்டனில் வாழும் நம் சகோதரர்கள் நாற்பது ஆண்டுகளாக நடத்திவரும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்கினால், இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும். நம் ஊர் ஜமாஅத்துகளுக்குப் பாடமாக அமையக்கூடிய செய்திகளும் அவற்றில் பல உண்டு.

இருபது பென்ஸ்

1983ஆம் ஆண்டின் இறுதியில், எகிப்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஹானி அல்பன்னா சூடான் நாட்டுக்குச் சென்றார். அவர் அப்போது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தார். அவர் சென்றது ஒரு மருத்துவ மாநாட்டுக்காக. அங்கே அவர் கண்டதோ பஞ்சம். மழை பொய்த்து, மந்தைகள் மடிந்து, மனிதர் எலும்புக்கூடுகளாய் நடமாடிய காலம் அது. பர்மிங்ஹாமுக்குத் திரும்பிய அவரால் நூல்களில் மட்டும் மனத்தைச் செலுத்த முடியவில்லை. உடன்பயின்ற மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, 1984இல் பள்ளிவாசல்தோறும் இல்லந்தோறும் சென்று நிதி கேட்கத் தொடங்கினார்.

அவ்வாறு தோன்றியதே இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றும் 'இஸ்லாமிக் ரிலீஃப்' என்னும் நிவாரண நிறுவனம். அந்நிறுவனம் தன் வரலாற்றைக் கூறும்போதெல்லாம் தனக்குக் கிடைத்த முதல் நன்கொடையை மறவாமல் குறிப்பிடும். அத்தொகை வெறும் 20 பென்ஸ்! ஒரு பவுண்டில் ஐந்திலொரு பங்கு. அதன் முதல் திட்டமும் அத்தொகையைப் போன்றே எளியது: சூடானில் ஒரு கோழிப்பண்ணை. 1985இல் பர்மிங்ஹாமின் மோஸ்லி பகுதியில் சிறியதோர் அலுவலக அறை வாடகைக்கு எடுக்கப்பட்டது.

அக்காலத்தில்தான் எத்தியோப்பியப் பஞ்சத்தின் கொடுமை தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவிற்று. 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டனிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் மாபெரும் இசை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டு, பஞ்ச நிவாரணத்துக்குப் பெருநிதி திரட்டப்பட்டது. அதே ஆண்டில் இலண்டனில் 'முஸ்லிம் எய்ட்' அமைப்பு தோன்றியது. 1991இல் மான்செஸ்டரில் 'ஹியூமன் அப்பீல்', போஸ்னியப் போர்க்காலமான 1993இல் நாட்டிங்ஹாமில் 'முஸ்லிம் ஹேண்ட்ஸ்' ஆகியவை பிறந்தன. தொழிற்சாலைகளிலும் நெசவாலைகளிலும் பாடுபட்டுப் பிழைக்க வந்த ஒரு சமுதாயம், தன் பிழைப்பு ஓரளவு நிலைபெற்றவுடன் தன்னிலும் ஏழையரை எண்ணிப் பார்த்தது என்பதே இவ்வமைப்புகளின் பொதுவான வரலாறு.

மதீனாவில் குவிந்த இரு குவியல்கள்

கூட்டம் கூட்டிப் பலர் முன்னிலையில் நிதி கேட்பது மேலைநாட்டு வழக்கம் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு.

ஒரு நாள் முற்பகலில் முளர் கூட்டத்தார் சிலர் மதீனாவுக்கு வந்தனர். காலில் செருப்பில்லை, உடலை மறைக்கப் போதிய ஆடையில்லை. கோடிட்ட கம்பளித் துணியைக் கழுத்தில் மாட்டியிருந்தனர். அவர்தம் வறுமையைக் கண்டதும் அண்ணலாரின் திருமுகம் நிறம் மாறியது. உள்ளே சென்றார்கள், வெளியே வந்தார்கள், பிலால் (ரலி) அவர்களை பாங்கு சொல்லப் பணித்தார்கள். தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று மக்களுக்கு உரையாற்றினார்கள். பேரீச்சம்பழத்தில் ஒரு துண்டையேனும் தர்மம் செய்யுமாறு தூண்டினார்கள். அன்ஸாரிகளில் ஒருவர், கை தாங்க மாட்டாத கனமுள்ள ஒரு பையைச் சுமந்து வந்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தனர். சிறிது நேரத்தில் உணவுப் பொருள் ஒரு குவியலாகவும் ஆடைகள் ஒரு குவியலாகவும் உயர்ந்து நின்றன. அண்ணலாரின் முகம் பொன்போல் ஒளிர்ந்தது. நல்லதொரு வழக்கத்தைத் தொடங்கி வைப்பவருக்கு, அதற்குரிய நற்கூலியோடு அவரைப் பின்பற்றுவோரின் கூலிக்கு நிகரானதும் உண்டு என்று அறிவித்தார்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அண்ணலாரின் முகம் முதலில் மாறியது, ஏழைகளின் துயரைக் கண்டு. பின்னர் மலர்ந்தது, அத்துயர் தீரும் வழியைக் கண்டு. கூட்டத்தின் நடுவே இருந்தவர்கள் கொடுப்பவர்கள் அல்லர். செருப்பில்லாமல் வந்து நின்ற அந்த மனிதர்களே. நிதி திரட்டும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் உரைத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை.

விருந்து மண்டபத்தில்

இன்றைய பிரிட்டனில் நிதி திரட்டும் விருந்து ஒன்று எப்படி நடக்கிறது? நகரத்தின் திருமண மண்டபம் ஒன்று வாடகைக்கு எடுக்கப்படுகிறது. வட்ட மேசைகள் போடப்பட்டு, நபருக்கு இவ்வளவு என்றோ, ஒரு மேசைக்கு இவ்வளவு என்றோ அனுமதிச் சீட்டுகள் விற்கப்படுகின்றன. கிராஅத்துடன் நிகழ்ச்சி தொடங்கும். எந்த நாட்டுக்காக நிதி திரட்டப்படுகிறதோ அந்நாட்டில் எடுத்த படம் திரையில் காட்டப்படும். அங்கே பணியாற்றித் திரும்பிய ஒருவர் தாம் கண்டதை எடுத்துரைப்பார். சன்மார்க்கச் சொற்பொழிவு ஒன்றும் இருக்கும்.

அதன் பின்னரே முக்கியமான கட்டம். நிதி கேட்பதில் தேர்ச்சி பெற்ற ஒருவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுப்பார். "ஒரு கிணறு தோண்ட இவ்வளவு செலவாகும், பொறுப்பேற்பவர் யார்?" என்று கேட்பார். பெரிய தொகையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி வருவார். கைகள் உயரும். தொண்டர்கள் படிவங்களுடன் மேசைக்கு மேசை விரைவார்கள். இடையே ஏலமும் நடக்கும். அரபு அழகெழுத்து ஓவியம், விளையாட்டு வீரர் கையொப்பமிட்ட மட்டை, யாரோ ஒரு சகோதரி இரவெல்லாம் விழித்துச் செய்த அலங்காரக் கேக் என ஏலப் பொருள்கள் பலவகைப்படும். ரமளானில் இதே நிகழ்ச்சி நோன்பு துறக்கும் இஃப்தார் விருந்தாக மாறும்.

அப்படிவத்தைச் சற்றுப் பார்ப்போம். இத்தொகை ஜகாத்தா, ஸதகாவா, ஃபித்ராவா, குர்பானியா, ஸதகதுல் ஜாரியாவா என்று அதில் தனித்தனியே கட்டங்கள் இருக்கும். கொடுப்பவர் உரிய கட்டத்தில் குறியிட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஜகாத் திருமறை கூறும் எட்டு வகையினருக்கே உரியது. ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் சேர வேண்டும். குர்பானி துல்ஹஜ் பத்தாம் நாள் தொழுகைக்குப் பின்னர்தான் கொடுக்கப்பட வேண்டும்; அதற்குரிய நாள்கள் கடந்தால் காலம் கடந்ததே. ஆகவே, இலண்டனில் ஒருவர் இடும் சிறு குறி, தொலைநாட்டில் கால்நடை வாங்குபவர், அறுப்பவர், பங்கிடுபவர் என ஒரு நீண்ட வரிசையையே இயக்குகிறது.

அதே படிவத்தின் அடியில் வரிச்சலுகைக்கான கட்டமும் உண்டு. 1990இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த 'கிஃப்ட் எய்ட்' என்னும் ஏற்பாடு அது. தொடக்கத்தில் பெருந்தொகைகளுக்கு மட்டுமே இருந்த இச்சலுகை, 2000ஆம் ஆண்டு முதல் எவ்வளவு சிறிய தொகைக்கும் உண்டு என ஆனது. வருமான வரி செலுத்தும் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும், இன்றைய விகிதத்தில், அறநிறுவனம் அரசிடமிருந்து 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். ஒரு கையொப்பத்தால் தர்மம் கால் பங்கு வளர்கிறது! அக்கையொப்பத்தை இட மறந்தவர் ஏழைக்குச் சேரவேண்டிய ஒரு பங்கை மண்டபத்திலேயே விட்டுச் செல்கிறார்.

சிறுவரும் மகளிரும் மாணவரும்

விருந்துக்குச் சீட்டு வாங்க வசதியில்லாதோர் என்ன செய்வர்? அவர்களே இம்முயற்சியின் முதுகெலும்பு எனலாம். ஜும்ஆ முடிந்து மக்கள் வெளிவரும் வேளையில் உண்டியலுடன் நிற்கும் இளைஞர்கள், வீட்டில் பலகாரம் செய்து பள்ளிக்கூட வாயிலில் விற்கும் தாய்மார்கள், மருதாணி இட்டுக் கிடைத்ததை அப்படியே நிதியில் சேர்க்கும் இளம் பெண்கள் எனப் பலர் இதில் பங்கேற்கின்றனர்.

உடல் வருத்தி நிதி திரட்டுவதும் அந்நாட்டில் வேரூன்றிய வழக்கம். "நான் இத்தனை மைல் நடக்கிறேன், அதற்காக நீங்கள் இவ்வளவு கொடுங்கள்" என்று உற்றாரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் கேட்பார்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் மிக உயர்ந்த மூன்று சிகரங்களையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கும் சவாலை நம் சகோதரர்கள் பலரும் மேற்கொள்கின்றனர். அவற்றுள் உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர். மழையும் மூடுபனியும் சூழ்ந்த அம்மலையில் ஏறும் கால்களுக்கு, தண்ணீருக்காக நாள்தோறும் பல மைல் நடக்கும் பெண்களின் நினைவே ஊன்றுகோலாக அமையும்.

2003இல் இலண்டன் மாணவர்கள் சிலர் தொடங்கிய 'சேரிட்டி வீக்' என்னும் அறவாரத்தை இங்குத் தனியே குறிப்பிட வேண்டும். ஆண்டில் ஒரு வாரம் பல்கலைக்கழகங்களின் இஸ்லாமிய மாணவர் சங்கங்கள் ஒன்றிணைந்து, அநாதைக் குழந்தைகளுக்கும் வறிய சிறாருக்கும் நிதி திரட்டுகின்றன. இஸ்லாமிக் ரிலீஃப் வழியே அது உரியவர்களைச் சேர்கிறது. கொள்கை வேறுபாடுகளால் பிரிந்து நிற்கும் இளைஞர்கள் ஓர் எத்தீமின் பசியை முன்னிட்டு ஒரே மேசையில் அமர்கின்றனர். திரட்டிய தொகையைப் போலவே அந்த ஒற்றுமையும் மதிப்பு மிக்கது.

அமானிதம்

நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் அணைந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. மேடையில் அறிவிக்கப்பட்ட தொகை வேறு. கைக்கு வந்த தொகை வேறு. உணர்ச்சி மேலிட்டுக் கை உயர்த்திய சிலர் மறுநாள் தொலைபேசியை எடுப்பதில்லை. பலர் அறியக் கொடுத்த வாக்கு, அல்லாஹ்வின் முன்னிலையில் கொடுத்த வாக்கும் ஆகும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கிணற்றுக்கான பட்டியலில் ஊரின் பெயரைச் சேர்த்தாயிற்று, பணம் வரவில்லை. அந்த ஊர் மக்களுக்கு யார் பதில் சொல்வது?

திரட்டுவோரின் பொறுப்போ இன்னும் கனமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் வருவாயுள்ள அறநிறுவனம் அரசின் அறநிறுவன ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வருவாய் குறிப்பிட்ட வரம்பைக் கடந்தால் ஆண்டறிக்கையும் வெளியாரால் ஆராயப்பட்ட கணக்கும் ஆணையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தெருவில் உண்டியல் ஏந்துவதற்கும் உரிய உரிமம் வேண்டும். நிதி திரட்டும் முறைகளைக் கண்காணிக்க 2016 முதல் தனி அமைப்பே இயங்கிவருகிறது.

"நிர்வாகச் செலவு ஏன்? முழுத் தொகையும் ஏழைக்கே போகக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விடையும் தெளிவானது. லாரிக்கு எரிபொருள் வேண்டும். கிடங்குக்குக் காவல் வேண்டும். கணக்கு எழுத ஆள் வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அதனை வசூலித்துப் பங்கிடும் பணியாளர்களையும் திருமறை சேர்த்திருப்பது சிந்திக்கத் தக்கது. செலவே இல்லை என்று விளம்பரம் செய்வதைவிட, செலவு இவ்வளவு, அது இன்னதற்கு என்று வெளிப்படையாகச் சொல்வதே அமானிதம் பேணுவோருக்கு அழகு.

இக்கண்டிப்பு ஏன் தேவை என்பதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. போர் நடக்கும் நாடுகளுக்குப் பணம் அனுப்பும் முஸ்லிம் அமைப்புகளை ஐயக்கண் கொண்டு பார்க்கும் போக்கு உலகில் நிலவுகிறது. 2016இல் பெரிய வங்கி ஒன்று இஸ்லாமிக் ரிலீஃபுடனான தன் தொடர்பையே துண்டித்துக்கொண்டது. நற்பெயர் பெற்ற நிறுவனத்துக்கே இக்கதியென்றால், கணக்கில்லாமல் பையில் பணம் கட்டிச் செல்வோர் தம்மையும் கெடுத்து, பிறர் வழியையும் அடைத்துவிடுவர் அன்றோ? மறுபுறம், ஒழுங்கின் பயனையும் அதே நிறுவனத்தின் வரலாற்றில் காணலாம். 1994இல், சூடானின் வட கொர்தொஃபான் பகுதியில் பயிற்சி நிலையம் நடத்த அதற்கு 1,80,000 பவுண்டை பிரிட்டிஷ் அரசு வழங்கியது. முஸ்லிம் நிவாரண அமைப்பு ஒன்று அவ்வரசின் நிதியுதவி பெற்றது அதுவே முதன்முறை. 2005இல், பேரிடர் வேளைகளில் பிரிட்டனின் முன்னணி நிவாரண நிறுவனங்கள் ஒன்றிணைந்து வேண்டுகோள் விடுக்கும் குழுவிலும் அது உறுப்பினராயிற்று.

நம் கரைக்கு வந்த உதவி

கொடுக்கும் கைகளைப் பற்றியே இதுவரை பேசினோம். பெறும் கை எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் பொங்கி எழுந்தபோது, இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பேரிழப்புக்கு ஆளானது கிழக்கே உள்ள அம்பாறை மாவட்டம். அம்மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை என நம் மொழி பேசும், நம்மைப் போலவே தொழும் மக்கள் நெருங்கி வாழ்ந்த கரையோரம் அது. நேற்றுவரை வாரி வழங்கிய வணிகரும், மீன்பிடித்தும் நெய்தும் மானத்தோடு வாழ்ந்த குடும்பத்தாரும் ஒரே காலையில் கையேந்தும் நிலைக்கு வந்தனர். அவ்வேளையில் பிரிட்டன் மக்கள் தம் நாட்டு நிவாரணக் குழுவின் ஒரே வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து, ஏறத்தாழ 39 கோடி பவுண்ட் வழங்கினர். இஸ்லாமிக் ரிலீஃபும் முஸ்லிம் எய்டும் இலங்கைக்கு வந்து மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டன. யாரோ ஒரு தாய் பர்மிங்ஹாமில் விற்ற பலகாரத்தின் காசும் அதில் கலந்திருக்கக் கூடும்.

தமிழகக் கரையில் அதே நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், கடலுக்கு வீடிழந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு மதம் பாராமல் சோறு வடித்துக் கொடுத்து அடைக்கலமும் தந்தனர். அருகிலிருந்து நீண்ட கையும், கடல் கடந்து வந்த கையும் ஒரே ஈகையின் இரு கிளைகளே.

அன்று வரிசையில் நின்றவர்கள் நமக்கு ஒன்றைக் கற்பிப்பார்கள். பசியைவிட அதிகமாகச் சுடுவது, பொதி வாங்கும் தருணத்தில் முகத்துக்கு நேரே நீளும் புகைப்படக் கருவி. கொடுத்ததற்குச் சான்று வேண்டும் என்பது உண்மையே. கட்டிய வீட்டைப் படம் எடுக்கலாம். நீர் சுரக்கும் குழாயைப் படம் எடுக்கலாம். அழும் தாயின் முகத்தை அவளது இசைவின்றி எடுத்து மண்டபத் திரையில் காட்டுவதால் நிதி மிகுதியாகச் சேரலாம். அவளது மானத்துக்கு யார் விலை கொடுப்பது? கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்தால் தர்மமே பாழாகிவிடும் என்று திருமறை எச்சரிப்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

முகஸ்துதியா, முன்மாதிரியா?

பலர் முன்னிலையில் கை உயர்த்துவது முகஸ்துதி ஆகாதா? இந்த ஐயமும் பழமையானதே. தபூக் போருக்காக அண்ணலார் நிதி கேட்டபோது, செல்வர் பெருந்தொகை கொணர்ந்தனர். "இவர் பகட்டுக்காகக் கொடுக்கிறார்" என்றனர் நயவஞ்சகர். கூலி வேலை செய்து ஈட்டிய சிறிதளவு பேரீச்சம்பழத்தை ஓர் ஏழைத் தோழர் கொணர்ந்தார், "இது அல்லாஹ்வுக்கு எதற்கு?" என்று அவரையும் எள்ளினர். இரு சாராரையும் பழித்த அவர்களைத் திருமறை கண்டித்தது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதைவிட மேலானது என்பதே அதன் போதனை. ஆகவே நிகழ்ச்சியை நடத்துவோர் இரு வழியையும் திறந்து வைப்பதே முறை. முன்மாதிரியாய் அமைய விரும்புபவர் கை உயர்த்தட்டும். மறைவாகக் கொடுக்க விரும்புபவருக்கு மேசைமீது ஓர் உறை இருக்கட்டும். சிறு தொகை கொடுத்தவரின் காதில், பெருந்தொகை கொடுத்தவருக்கான கரவொலி இடியாய் விழாதிருக்கட்டும்.

நாம் செய்யத்தக்கவை

இச்செய்திகளைப் படித்து வியந்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவது நம் நோக்கமன்று. நம் ஊர்களிலும் பைத்துல்மால்கள் உள்ளன, எத்தீம்கானாக்கள் உள்ளன, வெள்ளத்துக்கும் புயலுக்கும் வசூல் செய்கிறோம். வசூலான தொகையும் செலவான விவரமும் அடுத்த ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதப்படுகிறதா? உண்டியல் இருவர் முன்னிலையில் திறக்கப்படுகிறதா? ஜகாத்தும் ஸதகாவும் தனித்தனிக் கணக்கில் உள்ளனவா? வாக்களித்தவர்களுக்கு இதமாக நினைவூட்ட ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? பொதி வாங்கும் ஏழையின் முகம் சுவரொட்டியில் வராமல் காக்கப்படுகிறதா? இவை எவற்றுக்கும் பெருஞ்செலவு ஆகாது. ஒரு நோட்டுப் புத்தகமும் இறையச்சமும் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கையில் ஒரு சிறு உண்டியலைக் கொடுங்கள். அது நிரம்பும்போது, அப்பணம் யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அது சென்று சேர்ந்ததா என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். கொடுக்கும் பழக்கத்தோடு கணக்குக் கேட்கும் பழக்கமும் சேர்ந்து வளரும் தலைமுறையில்தான் அமானிதம் பேணும் நிர்வாகிகள் தோன்றுவர். 20 பென்ஸில் தொடங்கிய பணி நாற்பது நாடுகளைத் தொட்டது. நம் வீட்டு உண்டியலில் விழும் ஒற்றை ரூபாயை வல்ல நாயன் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்பதை யாரறிவார்?

நம் நிய்யத்தைத் தூய்மையாக்கி, நாம் கொடுப்பதை உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பானாக! ஆமீன்.